கார நீரும் குருதியின் அமிலமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. ஜமாஅத்தார் பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசித்து முடித்தபின் இமாம் சில வார்த்தைகள் பேசுவது நமது ஜமாஅத்தின் வழக்கம். ஆண்டுதோறும் நாம் எடுத்துக்கொள்ளும் தலைப்பு எத்தகையது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இவ்வாண்டு நாம் பேச வந்திருப்பது தண்ணீரைப் பற்றி; அமிலம், காரம் என்பவற்றைப் பற்றி; நமது உடம்பில் ஓடும் குருதியைப் பற்றி. அரபிக் கல்லூரியில் கிதாபு ஓதி வந்தவருக்கு வேதியியலில் என்ன வேலை என்று தாங்கள் எண்ணலாம். நியாயமான கேள்விதான். நாமாக இந்தப் பாடத்தைத் தேடிச் செல்லவில்லை. நாம் சொன்ன ஒரு சொல் நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

சென்ற ஆண்டு நமது மக்தப் கூடத்தில் ஒரு மாலை நேரத்தில் நடந்த செயல்விளக்கத்தைத் தங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கார நீர் தரும் இயந்திரம் ஒன்றை விற்பதற்காக ஒரு பிரதிநிதி வந்திருந்தார். விலை ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். முதலில் நமது ஊர்க் குழாய் நீரில் இரண்டு கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். சில நிமிடங்களில் நீர் சேற்று நிறமாயிற்று. "இதைத்தான் உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்" என்றார். அடுத்து இரண்டு குவளைகளில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். புட்டியில் விற்கும் நீர் மஞ்சளாயிற்று. இயந்திரத்தின் நீர் நீலமாயிற்று. நோய்கள் அனைத்திற்கும் வேர் குருதியில் சேரும் அமிலமே என்றும், இந்த நீரைக் குடித்து வந்தால் அமிலம் முறிந்து மருந்துகளைப் படிப்படியாக விட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

அப்போது பெரியவர் ஒருவர் நம் பக்கம் திரும்பி, "ஹஸ்ரத், மின்சாரம் பாய்ச்சிய இந்தத் தண்ணீரில் உளூச் செய்வது கூடுமா?" என்று கேட்டார். நமக்குத் தெரிந்த துறையிலிருந்து வந்த கேள்வி. தண்ணீரின் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றையும் வைத்துச் சட்ட நூல்கள் சொல்வதை நாம் சுருக்கமாக எடுத்துரைத்து, "கூடும்" என்றோம். கூட்டம் கலைந்தது. மறுநாள் அந்தப் பிரதிநிதி வீடு வீடாகச் சென்றபோது சொன்னது இதுதான்: "உங்கள் ஹஸ்ரத்தே கூடும் என்று சொல்லிவிட்டார்கள்."

நமது ஜமாஅத்தைச் சேர்ந்த 19 வயதுப் பிள்ளை ஒருவர், கல்லூரி மாணவர். ஒன்பது வயது முதல் நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். முதுமையில் வருகின்ற சர்க்கரை நோய் அல்ல அவருடையது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் அணுக்களே அழிந்துபோன முதல் வகை நீரிழிவு. அவருடைய தாய்மாமா, பிள்ளையின் மீதுள்ள பாசத்தால், கடன் வாங்கி அந்த இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தார். பத்தாண்டுகள் ஊசி குத்திச் சலித்த பிள்ளை, முதலில் அளவைப் பாதியாகக் குறைத்தார். பிறகு நிறுத்தினார். இரண்டு நாட்களில் தீராத தாகம், ஓயாத சிறுநீர்; அடுத்து வாந்தி, வயிற்றுவலி. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கத் தொடங்கியது. வாயிலிருந்து அழுகிய பழத்தின் வாடை வந்தது. வீட்டார் பிரதிநிதியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, "கழிவு வெளியேறுகிறது, இன்னும் அதிகமாகக் குடிக்கச் சொல்லுங்கள்" என்றாராம். அன்றிரவு நினைவு தப்பிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். குருதியைச் சோதித்த மருத்துவர்கள் அது கடுமையாக அமிலமாகியிருப்பதைக் கண்டார்கள். அமிலத்தை முறிக்கும் என்று சொல்லப்பட்ட நீரை வயிறு நிறையக் குடித்த பிள்ளையின் குருதியில்!

ஊசியை ஏன் நிறுத்தினீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு அந்தத் தாய் சொன்ன பதிலில் நமது பெயர் இருந்தது. "ஹஸ்ரத் கூடும் என்று சொன்னதாகச் சொன்னார்கள்."

பிள்ளை பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். இங்கே இதைச் சொல்ல அவரும் அவருடைய குடும்பத்தாரும் இசைவு தந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதில் நம் காதுக்கு எட்டிய இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. நமது ஜமாஅத்தில் பணி ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவரும், மருத்துவர் ஒருவரும் இருக்கிறார்கள். இருவரிடமும் சென்று, மக்தப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல் எமக்குச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டோம். அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரங்களில் நாம் கற்றுக்கொண்டதையே இன்று ஒப்பிக்கிறோம்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நாம் ஓதிய பழைய தத்துவக் கிதாபுகளில் நீர் என்பது நான்கு மூலப்பொருட்களுள் ஒன்று. அதைப் பிரிக்க இயலாது. 1780களில் இங்கிலாந்தில் கேவண்டிஷும் பிரான்ஸில் லவாய்சியரும் செய்த சோதனைகளின் பின்னரே அது ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்பது நிலைபெற்றது. ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். இவை மூன்றும் நேர்கோட்டில் நிற்பதில்லை, ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஆக்சிஜன் மின்னணுக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் சற்று எதிர்மின்னாகவும், ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின்னாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு நீர் மூலக்கூறும் பக்கத்திலுள்ளதைக் கைப்பிடித்துக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கைப்பிடியின் வலிமையை ஓர் ஒப்பீட்டினால் ஆசிரியர் விளக்கினார். அழுகிய முட்டையின் நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவினால் வருவது. அமைப்பில் அது தண்ணீரின் உடன்பிறப்பு. எடையில் தண்ணீரைக் காட்டிலும் கனமானது. ஆயினும் அது பூச்சியத்திற்குக் கீழே 60 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. தண்ணீரோ 100 பாகை வரை தாக்குப்பிடிக்கிறது. கைப்பிடி இல்லாவிடில் நமது ஹவ்ளில் நீர் நிற்காது, ஆவிதான் நிற்கும். மண்பானை நீரைக் குளிர்விப்பதும், வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இதனால்தான்: ஒவ்வொரு துளியும் கைவிட்டு ஆவியாய்ப் பிரிய நிறைய வெப்பத்தை எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. உப்பும் சர்க்கரையும் நீரில் கரைவதும் எண்ணெய் கரையாமல் ஒதுங்குவதும்கூட இந்த மின்பக்கங்களின் செயலே.

இனி அமிலமும் காரமும். தமிழில் காரம் என்றவுடன் மிளகாயின் உறைப்பு நினைவுக்கு வருகிறது. இங்கே சொல்வது அதுவன்று. சோப்பு, சுண்ணாம்பு, அப்பளக்காரம், வண்ணார் வெளுக்கும் உவர்மண் ஆகியவற்றின் வழுவழுப்பான குணமே காரம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் அல்கலி என்ற சொல், உவர்நிலச் செடிகளை எரித்தெடுத்த சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று ஆசிரியர் சொன்னபோது, அறியாத ஊரில் உறவினரைக் கண்டதுபோல் இருந்தது நமக்கு. புளி, எலுமிச்சை, காடி ஆகியவை அமிலம்.

தூய நீரிலும் சில மூலக்கூறுகள் தாமாகவே பிரிந்து ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சில் அயனியாகவும் நிற்கின்றன. எத்தனை? ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளில் ஒன்று! இந்த மிகச் சிறிய கணக்கில் ஹைட்ரஜன் அயனி கூடினால் அமிலம், குறைந்தால் காரம். இதை அளக்கும் அளவுகோலான பி.எச். என்பதை 1909ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் சோரன்சன் என்னும் அறிஞர் வகுத்தார். அவர் பணியாற்றியது ஒரு மதுபான ஆலையைச் சார்ந்த ஆய்வகம் என்பதை மறைப்பானேன்? ஆலையின் சரக்கு நமக்கு ஹராம். அளவுகோல் யாவருக்கும் பொது. நடுநிலை நீருக்கு 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு.

இதைக் காண ஆய்வகம் வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டையில் படிந்த குழம்புக் கறையின் மஞ்சள், சோப்பு பட்டவுடன் சிவந்து போவதைத் தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பதும் அவ்வாறே. காரத்தில் நிறம் மாறும் பொருள் மஞ்சள். அந்தப் பிரதிநிதி சொட்டு விட்ட மருந்தும் இத்தகைய ஒரு நிறங்காட்டிதான். ஆசிரியர் தம் வீட்டில் குழாய் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டு, அத்தகைய மருந்தை விட்டுக் காட்டினார். நீல நிறம் வந்துவிட்டது. செலவு சில காசுகள். புட்டி நீர் மஞ்சளானதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. உப்புகள் நீங்கிய நீரில் காற்றிலுள்ள கரியமில வாயு சிறிது கரைந்தாலே அவ்வாறு ஆகும். மாசற்ற மழைநீரின் பி.எச். அளவே ஏறத்தாழ 5.6தான். மழை அமிலமென்று குடை பிடித்தவர் எவருமில்லை, நனையாமலிருக்கவே பிடிக்கிறோம்.

கம்பிகளின் கதை இன்னும் எளிது. கம்பிகளில் ஒன்று இரும்பு. நீரிலுள்ள உப்புகளின் வழியே மின்சாரம் பாயும்போது அந்த இரும்பு கரைந்து துருவாகப் படிகிறது. நாம் பார்த்த சேறு குழாயிலிருந்து வந்ததன்று; அவருடைய கம்பியிலிருந்து வந்தது. அதே கம்பியை அவருடைய இயந்திரத்தின் நீரில் இறக்கிக் காட்டச் சொல்ல வேண்டும் என்று அன்று கூடத்திலிருந்த எவருக்கும் தோன்றவில்லை. நமக்கும் தோன்றவில்லை.

அந்த நீரைக் குடித்தால் என்ன ஆகும்? அது முதலில் போய்ச் சேருமிடம் இரைப்பை. அங்கே சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 1824ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் பிரௌட் என்பவர் கண்டறிந்து சொன்ன செய்தி இது. அதன் பி.எச். 1.5 அளவுக்கும் இறங்கும். ஒரு நாளில் ஏறத்தாழ 2 லிட்டர் இரைப்பைச் சாறு நமக்குச் சுரக்கிறது. இயந்திரத்தின் நீர் 9.5 என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் சிலேட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 9.5 அளவுள்ள ஒரு லிட்டர் நீரின் ஹைட்ராக்சில் அயனிகள் முழுவதையும் முறிப்பதற்கு 1.5 அளவுள்ள இரைப்பைச் சாறு ஒரே ஒரு மில்லிலிட்டர் போதும். (அந்த நீரில் கரைந்துள்ள உப்புகளின் கணக்கு தனி, அவை நமது குழாய் நீரிலும் இருப்பவைதாம்.) ஒரு லட்சம் ரூபாய் காரம், ஒரு மில்லிலிட்டர் சாற்றில் முடிந்துபோகிறது. இந்தக் கணக்கை நாம் இரண்டு முறை போட்டுப் பார்த்தோம்.

குருதியோ வேறு ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. அதன் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க வேண்டும். இந்தக் குறுகிய வரம்பைக் காப்பதற்கு உடம்பு மூன்று காவல்களை வைத்திருக்கிறது. ஒன்று, குருதியிலேயே கரைந்திருக்கும் பைகார்பனேட். ஆப்ப மாவில் போடும் சோடாவில் இருப்பதும் இதுவே. எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டால் நுரைத்துக்கொண்டு கரியமில வாயு வெளியேறுகிறது அல்லவா? குருதிக்குள் அமிலம் சேரும்போதும் பைகார்பனேட் அதனுடன் சேர்ந்து, அதைத் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நுரை மட்டும் நமக்குத் தெரிவதில்லை. 1908இல் அமெரிக்காவின் ஹெண்டர்சனும் 1916இல் டென்மார்க்கின் ஹாசல்பால்க்கும் இந்தச் சமநிலையைக் கணக்கு வாய்பாடாக எழுதினார்கள். மருத்துவமனைகளில் இன்றும் அதுவே வழங்குகிறது.

இரண்டாம் காவல் நுரையீரல். அந்த வாயுவை ஒவ்வொரு மூச்சிலும் வெளியே தள்ளுகிறது. ஒரு நாளில் நாம் வெளிவிடும் கரியமில வாயுவின் எடை அரைக் கிலோவுக்கும் மேல் என்பது நமக்கு வியப்பளித்தது. மூன்றாம் காவல் சிறுநீரகம். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியே விடுகிறது. அந்த வடிகட்டலில் எஞ்சிய அமிலத்தை வெளியேற்றி, செலவான பைகார்பனேட்டைத் திரும்ப ஈடுசெய்கிறது. காரம் மிகுந்தால் அதையும் வெளியேற்றிவிடுகிறது. கார நீர் குடித்தவர் தம் சிறுநீரைத் தாளில் நனைத்து நிறம் மாறியதைக் கண்டு மகிழ்கிறார் என்றால், அவர் கண்டது சிறுநீரகம் வேண்டாததை வெளியே தள்ளிய வேலையை. குருதி மாறியதன் அடையாளமன்று அது.

இவ்வளவு காவல் எதற்கு? இதற்கு விடை புரதத்தில் இருக்கிறது. நமது உடம்பின் வேலைகளைச் செய்யும் நொதிகள் பெரும்பாலும் புரதங்களே. 20 வகை அமினோ அமிலங்கள் மணிகளைக் கோத்ததுபோல் நீண்ட சரமாக இணைந்து, பிறகு அந்தச் சரம் தனக்கே உரிய வடிவத்தில் மடிந்துகொள்கிறது. மடிப்பைப் பிடித்து வைப்பதில் தண்ணீர் மூலக்கூறுகளிடையே கண்ட அதே கைப்பிடிகளுக்கும், மின்னேற்றங்களுக்கும் பெரும் பங்குண்டு. அமிலம் மாறினால் மின்னேற்றம் மாறும். மின்னேற்றம் மாறினால் வடிவம் குலையும். பாலில் எலுமிச்சையைப் பிழிந்தால் திரிகிறதே, அதுதான் கண்கூடான சான்று. பாலின் பி.எச். 6.7 அளவிலிருந்து 4.6க்கு இறங்கும்போது கேசீன் என்னும் புரதம் மின்னேற்றம் இழந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது. குருதி அவ்வாறு திரிவதில்லை. அதற்கு நெடுங்காலம் முன்பே, ஏறத்தாழ 6.8க்குக் கீழே இறங்கினாலே, உயிர் தங்குவது அரிது.

அந்தப் பிள்ளை நாள்தோறும் குத்திக்கொள்ளும் இன்சுலினும் ஒரு புரதமே. மிகச் சிறியது: 21, 30 என இரண்டு சரங்கள், மொத்தம் 51 அமினோ அமிலங்கள். அதன் வரிசையை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து 1955இல் முடித்தவர் கேம்பிரிட்ஜின் பிரெடரிக் சாங்கர். 1958இல் நோபல் பரிசு பெற்றார். மாத்திரையாக விழுங்கினால் ஆகாதா என்று பிள்ளைகளின் தாய்மார்கள் கேட்பதுண்டு. விழுங்கினால் இரைப்பையின் அமிலமும் அங்குள்ள நொதியும் அதைக் கறித்துண்டைச் செரிப்பதுபோல் செரித்துவிடும். ஆகையால்தான் ஊசி.

இன்சுலின் இல்லாத காலத்தில் முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளின் கதி என்ன? பட்டினி போட்டுச் சில காலம் உயிரை நீட்டிப்பார்கள். பிறகு அடக்கம் செய்வார்கள். 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் கனடாவின் டொரண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. முதல் ஊசி பயன் தரவில்லை. இன்னும் தூய்மையாக்கிய மருந்தை ஜனவரி 23 முதல் செலுத்தினார்கள், சிறுவன் தேறினான். நூறாண்டுகளுக்குச் சற்று முன்னர்தான் வந்தது இந்த அருட்கொடை. நாம் ஒரு பிள்ளையை மீண்டும் 1921ஆம் ஆண்டுக்கு அனுப்பப் பார்த்தோம்.

ஊசி நின்றபின் அவர் உடம்பில் நடந்ததை மருத்துவர் விளக்கினார். இன்சுலின் இல்லாமல் குருதியிலுள்ள சர்க்கரை தசைகளுக்குள் நுழைய முடியாது. சர்க்கரைக் கடலில் மிதந்துகொண்டே உடம்பு பட்டினி கிடக்கும். உடனே கொழுப்பைக் கரைத்து எரிக்கத் தொடங்கும். கல்லீரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்பவற்றைச் செய்து குருதியில் விடும். அவற்றுள் இரண்டு, உண்மையான அமிலங்கள். மூன்றாவது அசிட்டோன், மூச்சில் வந்த பழவாடை அதுவே. பைகார்பனேட் அந்த அமிலங்களை முறித்து முறித்துத் தீர்ந்துபோகிறது. நுரையீரல் கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றி ஈடுசெய்யப் பார்க்கிறது. ஆழ்ந்து இழுக்கும் அந்த மூச்சை 1874இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் விவரித்து எழுதியதால் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். வீட்டார் அதைக் கழிவு வெளியேறுவதாக எண்ணினார்கள். அது அவருடைய இரண்டாம் காவல் தன் முழு வலிமையையும் திரட்டி நடத்திய கடைசிப் போராட்டம். மிகுந்த சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால் உடம்பு பல லிட்டர் நீரை இழந்து வறண்டும் விடுகிறது.

சிகிச்சையைக் கேட்டபோதுதான் நமக்கு முழுவதும் விளங்கிற்று. குருதியின் அளவு 7.4இலிருந்து 7.0க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டரை மடங்காகிவிடுகின்றன. அந்த நிலையிலும் மருத்துவர்கள் பொதுவாகக் காரத்தை ஊற்றி அதை முறிப்பதில்லை. 7.0க்கும் கீழே மிக மோசமாக இறங்கியவர்களுக்கு மட்டுமே பைகார்பனேட் தருவதைப் பற்றி எண்ணுகிறார்கள். உப்பு நீர் ஏற்றி, பொட்டாசியத்தைக் கண்காணித்து, இன்சுலினைச் செலுத்துகிறார்கள். இன்சுலின் வந்தவுடன் கொழுப்பு எரிவது நின்று, கீட்டோன்கள் தாமே கரைந்து, பைகார்பனேட் மீண்டு விடுகிறது. எந்த ஊசியை விட்டுவிடலாம் என்று சொன்னார்களோ, அமிலத்தை முறித்தது அந்த ஊசியே.

இவ்வகைக் கூற்றுகள் நமது ஊரில் முளைத்தவையல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ராபர்ட் யங் என்பவர், அமிலமே நோய், காரமே மருந்து என்று பல நூல்கள் எழுதிப் பெரும்பொருள் ஈட்டினார். உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்திற்காக 2016இல் அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. அவரை நம்பித் தக்க சிகிச்சையைத் தவிர்த்த புற்றுநோயாளி ஒருவருக்கு 10 கோடி டாலருக்கும் மேல் வழங்க வேண்டுமென 2018இல் அங்கே ஒரு நடுவர் குழு தீர்மானித்தது. அங்கே நீதிமன்றம் வரை போனது, இங்கே மக்தப் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே நடந்தது.

நம் பக்கத்துத் தவறை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிறம், சுவை, மணம் என்ற அளவுகோல் நீர் சுத்தமானதா என்பதற்குரியது. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. நோயைத் தீர்க்குமா என்ற கேள்வி அன்று நம்மிடம் கேட்கப்படவில்லை. ஆயினும் அந்தக் கேள்விக்குரிய இடத்தில் நின்றுகொண்டு நாம் பதில் சொன்னோம். விற்பவர் பக்கத்தில் நின்று இமாம் சொல்லும் "கூடும்" என்ற சொல், கேட்பவர் காதில் "நல்லது" என்றே விழும். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மிம்பரில் நிற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் ஓதித் தரும்படி பாத்திரத்துடன் நம்மிடம் வருவோர் உண்டு. நாமும் ஓதிக் கொடுக்கிறோம். மருந்தை நிறுத்துங்கள் என்று ஒருவருக்கும் ஒருபோதும் சொன்னதில்லை. அந்த எச்சரிக்கையை அன்று மாலை ஏனோ மறந்துவிட்டோம். அந்தத் தாயிடம் சென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இன்று ஜமாஅத்தார் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறோம்.

உடல்நலம் தொடர்பான எந்தப் பொருளுக்கும் பள்ளிவாசல் வளாகத்தில் செயல்விளக்கமோ அறிவிப்போ செய்ய இனி இசைவு தருவதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அது ஆண்டறிக்கையில் தனியே இடம் பெற்றுள்ளது. இன்சுலின் எடுத்துக்கொள்வோர் மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்த வேண்டாம். வாந்தியும் காய்ச்சலும் வந்து உணவு இறங்காத நாளிலும், சாப்பிடவில்லையே என்று தாமாக ஊசியை விட்டுவிடாமல், அன்றே மருத்துவரைக் கேளுங்கள். ரமளான் வருமுன் அவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு நம்மிடம் வரட்டும். நோயாளிக்குள்ள சலுகையைச் சொல்லித் தருவது நமது வேலை, ஊசியின் அளவைச் சொல்வது அவருடைய வேலை.

உரை முடிந்தபின் ஒரு பெரியவர் எழுந்து, "ஹஸ்ரத், எங்கள் வீட்டிலும் அந்த இயந்திரம் இருக்கிறது. பணம் போட்டு வாங்கியாயிற்று. என்ன செய்வது?" என்று கேட்டார். நாம் மருத்துவரைப் பார்த்தோம். அவர் எழுந்து நின்று, நல்ல உடல்நலம் உள்ளவர் அந்த நீரைக் குடிப்பதால் பொதுவாகத் தீங்கில்லை என்றும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தம் மருத்துவரைக் கேளாமல் குடிக்க வேண்டாம் என்றும், எவரும் அதை நம்பி ஒரு மாத்திரையைக்கூட விட வேண்டாம் என்றும் சொன்னார். பெரியவர் மீண்டும் நம் பக்கம் திரும்பி, "உளூவுக்கு?" என்றார். உளூவுக்குக் கூடும் என்றோம். மருத்துவர் சொன்ன மூன்றையும் ஒன்று விடாமல் மறுபடி நம் வாயால் சொல்லிவிட்டுத்தான் அமர்ந்தோம்.